துரு போய்விட்டது, சீவுளி ஏன் இன்னும் தத்துகிறது?

கேள்வி: சாவகச்சேரியில் பழைய இரும்புக் கடையில் 14 அங்குல ஸ்டான்லிச் சீவுளி (5ஆம் இலக்கம்) ஒன்று வாங்கினேன். துருவை நீக்கி, அலகைக் கிறைண்டரில் சாணை பிடித்தேன். வேப்பம் பலகையில் ஓட்டினால் தத்துகிறது, வாயில் சீவல் சிக்குகிறது, கூரும் விரைவில் மழுங்குகிறது. சீவுளியே பழுதா?

பதில்: அப்படி முடிவு கட்ட வேண்டாம். வார்ப்பிரும்பு உடலில் வெடிப்பு இல்லையென்றால், இந்த மூன்று குறைகளும் பெரும்பாலும் அலகிலும், அதன் மேல் பூட்டியிருக்கும் வளைந்த தகட்டிலும் (மேல்தகடு), அலகு சாயும் தாங்கியிலும்தான் இருக்கும்.

முதலில் கூர். கிறைண்டரில் பிடித்தபோது விளிம்பு நீலமாக மாறியதா? ஏறத்தாழ 300 பாகை சூடேறினால் உருக்கு அந்த நிறத்துக்கு வரும். அந்த இடத்தில் கடினம் குறைந்துவிட்டது. நிறத்தைத் தேய்த்து அழித்தாலும் மென்மை போகாது. அரத்தால் விளிம்போரத்தை உரசிப் பாருங்கள்: நல்ல அலகில் அரம் வழுக்கும், மென்மையானதில் கடித்துப் பிடிக்கும். கடித்தால் அந்தப் பகுதி முழுவதையும் தேய்த்தே எடுக்க வேண்டும். கிறைண்டரில் இரண்டு மூன்று விநாடிக்கு மேல் பிடிக்காமல் தண்ணீரில் தோய்த்துத் தோய்த்துச் செய்யுங்கள். விரல் பொறுக்காத சூடு வந்தால் அப்போதே நிறுத்த வேண்டும்.

சரிவு 25 பாகை. 2 மி.மீ. தடிப்பான அலகில் சரிவின் நீளம் 5 மி.மீ.க்குச் சற்றுக் குறைவாக வந்தால் கோணம் சரி. பிறகு எண்ணெய்க் கல்லில் நுனியை மட்டும் 30 பாகையில் தீட்டுங்கள். அலகின் பின்புறத்தைப் பலர் கவனிப்பதில்லை. விளிம்பை ஒட்டிய ஒரு சென்ரிமீற்றர் தட்டையாக, பளபளவென்று இருக்க வேண்டும். அங்கே துருக்குழி இருந்தால் அது விளிம்பில் பல்லாக வரும், பலகையில் கோடு விழும். குழி தாண்டும்வரை அலகைக் குறைப்பதைத் தவிர வழியில்லை.

சீவல் சிக்குவது மேல்தகட்டால். அலகோடு பூட்டி வெளிச்சத்துக்கு நேரே பிடியுங்கள். இரண்டுக்கும் இடையில் ஒளி கசிந்தால் சீவல் அங்கேதான் நுழைகிறது. தகட்டின் முன்விளிம்பின் அடிப்பக்கத்தைக் கல்லில் தேய்த்துச் சரிசெய்யலாம்: தகட்டின் பின்பகுதி கல்லின் மட்டத்துக்குச் சற்றுக் கீழே தாழ்ந்திருக்கட்டும், அப்போதுதான் முன்விளிம்பு மட்டும் முதலில் படும். வேம்பும் முதிரையும் நார் மாறி மாறி ஓடும் மரங்கள். அவற்றுக்கு மேல்தகட்டை அலகின் நுனியிலிருந்து அரை மி.மீ. பின்னால் வையுங்கள். முரட்டுச் சீவலுக்கு 1 முதல் 1.5 மி.மீ. போதும்.

தத்தலுக்கு அலகு சாயும் தாங்கியைப் பாருங்கள். அதன் இரண்டு திருகாணிகளும் இறுக்கமா, அடியில் துருத்தூள் கிடக்கிறதா? அலகு அதில் முழுதாகப் படிய வேண்டும். அதற்கும் பிறகு தத்தினால் அடித்தட்டைச் சமன் செய்யுங்கள். தடித்த கண்ணாடியில் 80 இலக்க வோட்டர் பேப்பர் ஒட்டி, அடியில் பென்சில் கோடு போட்டு உரசுங்கள். அலகு பூட்டியபடி, ஆனால் உள்ளிழுத்தபடி இருக்கட்டும், ஏனென்றால் அதன் இறுக்கம் உடலைச் சற்று வளைக்கும். முன்முனை, வாயின் முன்னோரம், பின்முனை ஆகிய மூன்றிலும் கோடு அழிந்தால் போதும். கண்ணாடிக்குப் பதிலாக நிலத்து ஓட்டில் உரச வேண்டாம்; பார்வைக்குச் சமம்போல் தெரிந்தாலும் அதை நம்பக்கூடாது.

துரு திரும்பாமலிருக்க: வினாகிரியில் ஊறவைத்திருந்தால், ஒரு லீற்றருக்கு ஒரு தேக்கரண்டி அப்பச்சோடா கரைத்துக் கழுவுங்கள். கடற்கரையோரக் கிணறுகளின் உவர்நீர் வேண்டாம், மழைநீர் நல்லது. உடனே துடைத்து, வெயிலில் சூடாகும்வரை காயவைத்து, தையல் மெசின் எண்ணெய் பூசுங்கள். தேங்காய் எண்ணெய் நாளாக ஆகப் பிசுபிசுத்துத் தூசியைப் பிடிக்கும். மாரி காலத்தில் மாதம் ஒருமுறையாவது பூசவேண்டும்.

ஆழத்தை மாற்றும் பித்தளைச் சில்லு பெரும்பாலும் இடப்புரி. கழற்ற வலஞ்சுழியாகத் திருப்புங்கள். மறுபுறம் பலமாகத் திருகினால் புரி போய்விடும். ஸ்டான்லியின் புரி தனி அளவு. ஹாட்வெயார் கடைத் திருகாணி அதில் இறங்காது, பழுதான இன்னொரு சீவுளியிலிருந்து எடுக்கலாம்.