சிவப்பு விளிம்பு லைக்கன்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: ஃபுளோரிடாவில் எங்கள் வீட்டு ஓக் மரத்தில் இரத்தச் சிவப்பு வளையங்கள் படர்ந்துள்ளன. இது நோயா?

இல்லை. அது ஹெர்போதாலன் ருப்ரோசிங்டம் என்னும் கிரஸ்டோஸ் லைக்கன்; அதாவது, பூஞ்சையும் பாசியும் சேர்ந்து வாழும், பட்டையோடு ஒட்டி மெல்லிய படலமாகப் படரும் உயிர். அமெரிக்காவின் தென்கிழக்கிலிருந்து பிரேசில் மழைக்காடுகள் வரை, ஈரமும் நிழலும் உள்ள மரப்பட்டைகளில் வளர்வது.

கேள்வி: அதைச் சுரண்டிவிட்டுத் தாமிரப் பூஞ்சைக்கொல்லி தெளிக்கலாமா?

வேண்டவே வேண்டாம். எத்தனை முறை எழுதினாலும் இந்தக் கேள்வி ஓய்வதில்லை. இந்த லைக்கனுக்கு உணவு தருவது அதனுள் வாழும் டிரென்டிபோலியா பாசியே தவிர, மரம் அன்று. பட்டை அதற்கு ஒட்டியிருக்க ஓர் இடம், அவ்வளவுதான். நலிந்த மரத்தில் இலை உதிர்ந்து வெளிச்சம் கூடும்போது லைக்கன்கள் பளிச்செனத் தெரிவதால், பழி அவற்றின்மேல் விழுகிறது. வேர் அழுகியிருக்கிறதா, மண் இறுகியிருக்கிறதா என்று பார்க்க வேண்டியவர்கள் கத்தியை எடுத்துக்கொண்டு பட்டையைச் சுரண்டுகிறார்கள்; அந்தக் காயத்தின் வழியேதான் உண்மையான நோய்க்கிருமிகள் மரத்துக்குள் நுழைகின்றன. உள்ளங்கை அகலம் படரப் பல ஆண்டுகள் எடுத்துக்கொள்ளும் ஓர் உயிரை ஐந்து நிமிடத்தில் அழித்துவிட்டு, மரத்துக்கும் கேடு செய்வதை என்னால் ஏற்க முடியாது. கத்தியைக் கீழே வையுங்கள்.

கேள்வி: இத்துடன் உள்ள படத்தில் இருப்பது எந்த இனம்?

மங்கலான படம், எந்த ஊர், எந்த மரம், நிழலா வெயிலா என்ற குறிப்பு எதுவும் இல்லை. இப்படிக் கேட்டால் பெயர் சொல்ல இயலாது. பத்து மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸில் பாருங்கள். ஓரத்தில் பஞ்சுபோல் தளர்ந்த சிவப்பு இழைகள், அதையொட்டி உட்புறம் வெள்ளை வளையம், நடுவே சாம்பல் பச்சைப் பரப்பில் சிவந்த நுண்மணிகள் ஆகியவை தெரிந்தால் எழுதுங்கள். மாதிரி அனுப்புவதாகச் சொல்லிப் பட்டையைப் பெயர்க்க வேண்டாம்.

கேள்வி: சிவப்பு எதனால் வருகிறது?

கையோடெக்டோனிக் அமிலம் என்னும் நிறமியால்.

கேள்வி: பழைய நூலில் கிரிப்டோதீசியா ருப்ரோசிங்டா என்று உள்ளதே?

அதுவும் ஹெர்போதாலன் ருப்ரோசிங்டமும் ஒன்றே; அது இதன் முந்தைய பெயர். 1820-இல் எரன்பெர்க் இதனை ஹைப்போக்னஸ் என்னும் பூஞ்சைப் பேரினத்தில் வைத்து விவரித்தார். பின்னர் கிரிப்டோதீசியாவில் வைக்கப்பட்டிருந்த இதை, 2009-இல் இப்போதைய பேரினமான ஹெர்போதாலனுக்கு மாற்றினார்கள்.

கேள்வி: எவ்வளவு தேடியும் அப்போதீசியம் கிடைக்கவில்லையே, ஏன்?

அப்போதீசியம் என்பது பூஞ்சையின் வித்துகள் உருவாகும் கிண்ணம் போன்ற உறுப்பு; இந்த இனத்தில் பொதுவாக அது காணப்படுவதில்லை. நடுப்பரப்பிலுள்ள நுண்மணிகள் ஐசிடியா போன்றவை, அதாவது உதிர்ந்து லைக்கனைப் பரப்பும் துணுக்குகள். அவை உதிரும்போது பூஞ்சையும் பாசியும் சேர்ந்தே போவதால், ஈரமான பட்டையில் தங்கினால் புதிய லைக்கன் உருவாக முடியும்.