பெரிய சாசனமும் காலிக் கஜானாவும்

கேள்வி: 1215-ல் இங்கிலாந்தின் ஜான் மன்னர் மேக்னா கார்ட்டா என்ற சாசனத்தில் கையெழுத்திட்ட அன்றுதான் சாமானிய மனிதனுக்கு உரிமை பிறந்தது என்று ஒரு பட்டிமன்றத்தில் பேசினார்கள். அதன் பயன் இன்றும் நம்மிடம் இருக்கிறது என்பது உண்மையா, மிகையா? (வாசகர், கும்பகோணம்)

பதில்: ஜான் அதில் கையெழுத்தே போடவில்லை. தேம்ஸ் நதிக்கரையில் ரன்னிமீடு என்ற புல்வெளியில் ஜூன் 15 என்று தேதியிடப்பட்ட அந்தத் தோல் ஏட்டுக்கு அதிகாரம் தந்தது, அதில் கட்டித் தொங்கவிடப்பட்ட அரசரின் மெழுகு முத்திரை. சாமானியனும் அன்று அங்கே எவர் கண்ணிலும் படவில்லை. பிரான்சில் தோற்ற போர்களுக்காக வரிமேல் வரி கேட்ட அரசரை, கொடுத்துக் கொடுத்துச் சலித்த பிரபுக்கள் மடக்கிப் பிடித்து வாங்கிய ஒப்பந்தம் அது. அதை வரிசையாகப் படித்துப் பார்த்தால், பிரபு இறந்தால் வாரிசு அரசருக்குக் கட்ட வேண்டிய தொகை, விதவையை மறுமணத்துக்குக் கட்டாயப்படுத்தக் கூடாது என்ற விதி, ஆறுகளில் மீன் பிடிக்கப் போட்ட தடுப்புகளை அகற்ற வேண்டும் என்ற விதி என்று, பங்காளித் தகராறில் பஞ்சாயத்தார் எழுதிக் கொடுத்த தீர்ப்புச் சீட்டைப் படிப்பது போலவே இருக்கிறது.

அந்த விதிகளின் கூட்டத்துக்கு நடுவில்தான், தனக்குச் சமமானவர்களின் சட்டபூர்வமான தீர்ப்பினாலோ நாட்டின் சட்டத்தினாலோ அன்றி எந்தச் சுதந்திர மனிதனையும் பிடிக்கவோ சிறையிடவோ கூடாது என்ற 39-ஆம் பிரிவும், நீதியை எவருக்கும் விற்கவோ மறுக்கவோ தாமதிக்கவோ மாட்டோம் என்ற 40-ஆம் பிரிவும் இருக்கின்றன. ‘சுதந்திர மனிதன்’ என்ற சொல்லைக் கவனியுங்கள். நிலத்தோடு கட்டுண்டு பிரபுவின் வயலில் உழுத பண்ணையாள் அந்தச் சொல்லுக்கு வெளியே நின்றான்.

இந்த ஒப்பந்தமும் பத்து வாரம்தான் தாங்கியது. ஆகஸ்டிலேயே போப் மூன்றாம் இன்னசன்ட் இது செல்லாது என்று அறிவித்துவிட, உள்நாட்டுப் போர் மூண்டது. 1216-ல் ஜான் இறக்காமல் இருந்திருந்தால் இந்தப் பட்டிமன்றமே நடந்திருக்காது. ஒன்பது வயது மகன் மூன்றாம் ஹென்றியின் பெயரில் ஆட்சி நடத்தியவர்கள், எதிரணிப் பிரபுக்களை இழுப்பதற்காகச் சாசனத்தைத் திருத்தி வெளியிட்டார்கள். அரசர் வாக்குத் தவறினால் 25 பிரபுக்கள் அவர் கோட்டைகளைக் கைப்பற்றலாம் என்ற 61-ஆம் பிரிவை அப்போதே எடுத்துவிட்டார்கள் (2020 ஊரடங்கின்போது இங்கிலாந்தில் சில கடைக்காரர்கள் இதே பிரிவைக் கதவில் ஒட்டிவைத்துக் கடை திறந்தார்கள், எட்டு நூற்றாண்டுக்கு முன்பே செத்த பிரிவு என்று அவர்களிடம் யாரும் சொல்லவில்லை போலும்). பெயர்கூடப் பெருமைக்காக வந்ததல்ல. 1217-ல் காடுகளுக்கென்று ஒரு சின்னச் சாசனம் வந்தபோது, அதிலிருந்து பிரித்துச் சொல்லவே இதைப் ‘பெரிய சாசனம்’ என்றார்கள்.

அதன் பிறகு இதை உயிரோடு வைத்திருந்தது அரசர்களின் நல்ல மனம் என்று எண்ணிவிட வேண்டாம். அவர்களுடைய காலிக் கஜானாதான் வைத்திருந்தது. 1225-ல் மக்களின் அசையும் சொத்தில் பதினைந்தில் ஒரு பங்கை வரியாகப் பெறுவதற்கு ஹென்றி கொடுத்த விலை, சாசனத்தை மீண்டும் வெளியிட்டதுதான். 1297-ல் போர்ச் செலவுக்குப் பணம் தேடிய முதலாம் எட்வர்ட் அதைச் சட்டத் தொகுப்பிலேயே ஏற்றினார். 1354-ல் நாடாளுமன்றச் சட்டம் ஒன்று, ‘சுதந்திர மனிதன்’ என்றிருந்த இடத்தில் ‘எந்த நிலையில் உள்ளவனாயினும்’ என்று எழுதி, உரிய சட்டமுறை வேண்டும் என்ற சொல்லையும் சேர்த்தது. என்னைக் கேட்டால், பட்டிமன்றத்தார் கொண்டாட வேண்டிய ஆண்டு 1215 அல்ல, இதுதான்.

1627-லும் பணம்தான் பிரச்சினை. கட்டாயக் கடன் கொடுக்க மறுத்த ‘நைட்’ பட்டம் பெற்ற ஐந்து பேரை முதலாம் சார்லஸ் மன்னர் சிறையிட்டபோது, காரணம் என்னவென்று நீதிமன்றத்தில் கேட்டதற்கு ‘அரசரின் சிறப்புக் கட்டளை’ என்பதற்கு மேல் பதில் வரவில்லை. அடுத்த ஆண்டு சட்ட அறிஞர் எட்வர்ட் கோக் முதலியோர் சார்லஸிடம் வற்புறுத்திப் பெற்ற உரிமை மனு, பழைய 39-ஆம் பிரிவைத்தான் எடுத்துக் காட்டியது. கோக், சாசனத்தில் இல்லாததையும் அதில் படித்தவர் என்று வரலாற்றாசிரியர்கள் குறை சொல்வது நியாயமே. ஆனால் அந்தப் பிழையான வாசிப்பு இல்லாவிட்டால் 1679-ன் ஆட்கொணர்வுச் சட்டத்துக்கு அவ்வளவு வலு வந்திருக்காது. காணாமல் போன மகனுக்காகச் சென்னை உயர் நீதிமன்றத்தில் ஒரு தாய் போடும் ஆட்கொணர்வு மனு அந்த வழியில் வந்ததுதான்.

நம் அரசியல் நிர்ணய சபையோ ‘உரிய சட்டமுறை’ என்ற 1354-ன் அந்தச் சொல்லை வேண்டுமென்றே தவிர்த்து, அரசியலமைப்பின் 21-ஆம் பிரிவில் ‘சட்டத்தால் நிறுவப்பட்ட நெறிமுறை’ என்று மட்டும் எழுதியது. அதன் பலனை 1950-லேயே கம்யூனிஸ்ட் தலைவர் ஏ.கே. கோபாலன் அனுபவித்தார். மதராஸ் அரசின் தடுப்புக் காவலில் இருந்த அவர் உச்ச நீதிமன்றம் சென்றபோது, நாடாளுமன்றம் ஒரு சட்டம் இயற்றியிருந்தால் போதும், அது நியாயமானதா என்று இந்தப் பிரிவின் கீழ் கேட்க முடியாது என்று பெரும்பான்மை நீதிபதிகள் சொல்லிவிட்டார்கள். நெறிமுறை என்றால் அது நியாயமானதாகவும் இருக்க வேண்டும் என்று அதே நீதிமன்றம் சொல்ல 1978 வரை, மேனகா காந்தியின் பாஸ்போர்ட்டை அரசு பறித்துக்கொண்ட வழக்கு வரும் வரை, காத்திருக்க வேண்டியிருந்தது.