சந்திர கிரகணப் படம் ஏன் வெள்ளைப் பொட்டாக வருகிறது?

கேள்வி: என்னிடம் டிஎஸ்எல்ஆர் கேமராவும் 250 மி.மீ. வரை போகும் ஜூம் லென்ஸும் இருக்கின்றன. போன கிரகணத்தில் முதலில் நிலா வெள்ளைப் பொட்டாக வந்தது, முழுதாக மறைந்த பிறகு எடுத்ததெல்லாம் கலங்கிய சிவப்புக் கறை. கடைக்காரர் கிரகண ஃபில்டர் வாங்கச் சொல்கிறார். வாங்கட்டுமா?

வாங்காதீர்கள். அது சூரியனுக்கான ஃபில்டர். ஒளியை லட்சத்தில் ஒரு பங்காகக் குறைத்துவிடும், அதை மாட்டிக்கொண்டு கிரகண நிலாவை எடுத்தால் லென்ஸ் மூடியைக் கழற்ற மறந்த கதைதான். சந்திர கிரகணத்தை வெறும் கண்ணால், பைனாகுலரில், எப்படி வேண்டுமானாலும் பார்க்கலாம், கண்ணுக்கு ஒன்றும் ஆகாது. இது தெரிந்தும் ஒவ்வொரு முறையும் கிரகணக் கண்ணாடி, கிரகண ஃபில்டர் என்று விற்றுக்கொண்டேதான் இருக்கிறார்கள், கேட்பதற்கு ஆளில்லை.

சரி, வெள்ளைப் பொட்டுக்கு வருவோம். கேமரா ஆட்டோவில் இருந்தால் சுற்றியுள்ள கறுப்பு வானத்தைப் பார்த்துவிட்டு ‘இருட்டு’ என்று முடிவு செய்து வெளிச்சத்தை அள்ளிவிடும். ஆனால் நிலா என்பது வெயில் அடிக்கும் பாறை. மேனுவலுக்கு மாறுங்கள். முழுநிலாவுக்கு ஐஎஸ்ஓ (ஒளியை உணரும் திறன்) 100, எஃப் (லென்ஸ் திறப்பின் அளவு) 8, ஷட்டர் (ஒளி உள்ளே விழும் நேரம்) 1/250 நொடி, இங்கிருந்து ஆரம்பித்தால் போதும். நிழல் கவ்வத் தொடங்கியதும் மிச்சமிருக்கும் வெள்ளைப் பகுதியைப் பார்த்து ஷட்டரைக் கொஞ்சம் கொஞ்சமாக நீட்டிக்கொண்டே போங்கள். முழுதாக மறைந்ததும் வெளிச்சம் பத்தாயிரம் மடங்குக்கு மேல் விழுந்துவிடும், அப்போது ஐஎஸ்ஓ 1600, லென்ஸ் எவ்வளவு திறக்குமோ அவ்வளவு, ஷட்டர் 1 நொடி. இன்னும் இருட்டாக இருந்தால் ஐஎஸ்ஓவைத்தான் ஏற்ற வேண்டும், ஷட்டரை நீட்டக் கூடாது. நிலா நின்ற இடத்தில் நிற்பதில்லை, தன் அகலம் அளவு தூரத்தை இரண்டே நிமிடத்தில் கடந்துவிடும். உங்கள் சிவப்புக் கறைக்குப் பாதிக் காரணம் இதுதான்.

மீதிப் பாதி ஃபோகஸ். மங்கிய நிலாவில் ஆட்டோ ஃபோகஸ் தடுமாறும். ஆகவே நிலா பளிச்சென்று இருக்கும்போதே பின்திரையில் பெரிதாக்கி, ஒரு பள்ளத்தின் விளிம்பு கூர்மையாகத் தெரியும்வரை ஃபோகஸ் வளையத்தைத் திருப்பிவிட்டு, மேனுவலில் பூட்டிவிடுங்கள். லென்ஸில் போட்டிருக்கும் முடிவிலிக் குறியை நம்ப வேண்டாம். ட்ரைபாட் கட்டாயம், லென்ஸின் ஆட்டத்தடுப்பை அணைத்துவிடுங்கள், விரலால் அழுத்தாமல் 2 நொடி டைமரில் எடுங்கள். 250 மி.மீ.யில் நிலா, படத்தின் நீளத்தில் பத்தில் ஒரு பங்குதான் வரும். அதற்காக ‘525 மடங்கு’ என்று பெட்டியில் அச்சடித்த தொலைநோக்கியை வாங்கிவிடாதீர்கள். 60 மி.மீ. வில்லைக்கு 120 மடங்குக்கு மேல் போனால் கஞ்சி போலத்தான் தெரியும். நானே ஒரு காலத்தில் அப்படி ஒன்றை வாங்கி, அட்டைப் பெட்டியோடு பரணில் போட்டவன்.

மேலே சொன்னதற்கெல்லாம் ஒரே ஒரு விதிவிலக்கை மட்டும் அழுத்திச் சொல்கிறேன்: புறநிழல் கிரகணம். இதில் நிலா பூமியின் கருநிழலை, அதாவது நடுவில் விழும் அடர்ந்த நிழலை, தொடுவதே இல்லை, ஓரத்து மங்கலான நிழலுக்குள் நுழைந்து வெளியேறிவிடும். கண்ணுக்குச் சாதாரணப் பௌர்ணமி மாதிரிதான் இருக்கும், ரொம்ப ஆழமாகப் போனால் ஒரு பக்கம் லேசாக அழுக்குப் படிந்தது போலத் தெரியும், அவ்வளவே. ஆனால் செய்தியில் அதற்கும் சிவப்பு நிலா படத்தைத்தான் போடுவார்கள், ஜனங்களும் மாடியில் கழுத்து வலிக்க நின்றுவிட்டு ஏமாந்து இறங்குவார்கள். முழு கிரகணத்திலும் இதே தொல்லை உண்டு. 2025 செப்டம்பர் 7 கிரகணம், புறநிழல் நேரத்தையும் சேர்த்து, ஏறக்குறைய ஐந்தரை மணி நேரம் என்றார்கள், அதில் கருநிழல் நிலாவைத் தொட்டிருந்தது சுமார் மூன்றரை மணி நேரம், முழு மறைப்பு 82 நிமிடம். ஆகவே நேரப் பட்டியலைப் பார்க்கும்போது ‘கருநிழல் தொடக்கம்’ எங்கே என்று தேடுங்கள், அது உலக நேரமா உங்கள் ஊர் நேரமா என்றும் பாருங்கள். இதைத் தெளிவாகப் போடுவதற்கு என்ன கேடு என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை.

நிறம் எப்படி வரும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. 1991ல் பிலிப்பைன்ஸின் பினடுபோ எரிமலை வெடித்துத் தூசு மேலே போனதில், 1992 டிசம்பர் கிரகணத்தில் நிலா கிட்டத்தட்ட காணாமலே போனது. அதனால் ஒரே அளவில் எடுக்காமல் ஒவ்வொரு முறையும் வெளிச்சத்தைக் கூட்டியும் குறைத்தும் மூன்று நான்கு எடுத்து வையுங்கள். முழு மறைப்பின் தொடக்கத்திலும் முடிவிலும் நிழலின் ஓரத்தில் மெல்லிய நீலப் பட்டை வரும், ஓசோன் படலத்தின் வேலை அது, தவறவிடாதீர்கள். அப்புறம், வெள்ளை விளிம்பு மறுபடி எட்டிப் பார்த்ததும் ஷட்டரை மளமளவென்று குறைக்க வேண்டும். ஒரு மணி நேரமாக இருட்டுக்குப் பழகிய கை அதை மறந்துவிடும், அங்கேதான் பாதிப் பேர் கோட்டை விடுகிறார்கள்.