பதினோரு கோழியும் ஒரு எஃப்.ஐ.ஆரும்

கேள்வி: திண்டுக்கல் பக்கம் எங்கள் கிராமம். முட்டைக்கும் கறிக்குமாகக் கொல்லையில் 14 சிறுவிடைக் கோழிகள் வளர்த்தோம். கீரைப் பாத்தியைக் கிளறுவதாகப் பக்கத்துத் தோட்டக்காரர் அடிக்கடி சண்டை போடுவார், பவுண்டில் (அத்துமீறும் கால்நடைகளை அடைக்கும் பட்டியில்) அடைப்பேன் என்பார். பன்னிரண்டு நாள் முன்பு ஒரே நாளில் 11 கோழிகள் செத்தன, புதைத்துவிட்டோம். அவர்தான் அரிசியில் மருந்து கலந்து வைத்திருக்கிறார். அன்றிரவே நானும் மகனும் அவர் வாசலில் போய் நியாயம் கேட்டோம். அவரோ எங்கள் மேல் புகார் கொடுத்துவிட்டார். என் புகார், அவர் புகார் இரண்டுக்கும் சி.எஸ்.ஆர் ரசீதோடு (புகார் வந்ததற்கான ரசீது, வழக்குப் பதிவு அல்ல) சரி. மகன் காவலர் தேர்வுக்குப் படிக்கிறான். நான் கோர்ட்டுக்குப் போகலாமா?

பதில்: அடைக்கோழி முட்டை மேலேயே செத்துக் கிடந்ததைப் பற்றி மட்டும் கடிதத்தில் இரண்டு பக்கம் எழுதியிருக்கிறீர்கள். வருத்தம்தான், ஆனால் வழக்குக்கு உதவாது. பவுண்டு மிரட்டலையும் விடுங்கள். 1871-ஆம் ஆண்டு கால்நடை அத்துமீறல் சட்டத்தில் யானை, ஒட்டகம், பன்றி வரை பட்டியல் இருக்கிறது, கோழி இல்லை.

கேட்க வேண்டியது ஒன்றுதான்: செத்த கோழிகள் எங்கே? புதைத்துவிட்டீர்கள். விலங்கை விஷம் வைத்துக் கொன்றால் பாரதிய நியாய சன்ஹிதா என்ற தண்டனைச் சட்டத்தின் 325-ஆம் பிரிவில் ஐந்து ஆண்டு வரை சிறை. கோழியும் அதில் அடக்கம். ஆனால் விஷத்தால்தான் செத்தன என்று யார் சொல்வது? எதிர்த்தரப்பில் நான் இருந்தால், ‘வெள்ளைக்கழிச்சலுக்குத் தடுப்பூசி போட்டீர்களா?’ என்று கேட்டுவிட்டு உட்கார்ந்துவிடுவேன். அந்த நோய் வந்தாலும் கூண்டு காலியாகும் என்பது ஊருக்கே தெரியும். இப்போது தோண்டி எடுத்தாலும், அழுகிவிட்டது, கருத்துச் சொல்ல இயலாது என்றுதான் டாக்டர் எழுதித் தருவார்.

அவர் புகாருக்கோ இந்தச் சிக்கல் இல்லை. ராத்திரி, அவர் வாசல், நீங்கள் இரண்டு பேர், தெருவே சாட்சி. அதே சட்டத்தில் ஆபாசமாகத் திட்டியதற்கு 296(பி), மிரட்டியதற்கு 351. நீங்கள் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்ற குற்ற நடைமுறைச் சட்டத்தின் 175(3)-இல் மாஜிஸ்திரேட்டிடம் போய் வழக்குப் பதிய உத்தரவு வாங்கினால், மறுநாளே அவர் புகாரும் எஃப்.ஐ.ஆர் ஆகும். கேஸ், கவுன்டர் கேஸ் என்று ஸ்டேஷனில் இதற்குப் பெயரே உண்டு. அதில் இரண்டாவது எதிரி, அதாவது குற்றம் சாட்டப்பட்டவர், உங்கள் மகன்.

இங்கேதான் பலர் மாட்டிக்கொள்வதைப் பார்த்திருக்கிறேன். கேஸ் நிற்காது, விடுதலையாகிவிடலாம் என்று நினைக்கிறார்கள். காவலர் வேலைக்கு அது போதாது. சந்தேகத்தின் பலனில் விடுதலையானால்கூட, குற்ற வழக்கில் சம்பந்தப்பட்டவர் என்றே பணி விதி பார்க்கும். விண்ணப்பத்தில் மறைத்தால் மறைத்ததற்காகவே நிராகரிப்பார்கள். ஆறாயிரம் ரூபாய் கோழிக்கு இந்த விலை வேண்டாம்.

சமாதானமாகப் போங்கள், இரண்டும் சி.எஸ்.ஆராக இருக்கும்போதே. ஆனால் ஸ்டேஷனில் நீட்டுகிற பேப்பரில் அவசரப்பட்டுக் கையெழுத்துப் போடாதீர்கள். ‘என் கோழிகள் அவர் பாத்தியை நாசம் செய்தன, இனி அடைத்து வைப்பேன்’ என்று அதில் எழுதியிருக்கும். நாளைக்கு அவர் நஷ்டஈடு கேட்டு வந்தால் அது உங்கள் வாக்குமூலம் ஆகிவிடும். இரண்டு புகாரையும் இரு தரப்பும் திரும்பப் பெறுவதாக, மகன் பெயரையும் குறிப்பிட்டு, ஒரே தாளில் எழுதுங்கள். நகல் கேட்டு வாங்குங்கள். பணம் கேட்காதீர்கள், கேட்டால் பேச்சு முறியும். வேலிக்கு வலை அடிக்கும் செலவில் அவர் பாதி தருவாரா என்று வேண்டுமானால் கேட்டுப் பாருங்கள்.

மீதி மூன்று கோழிகளுக்கும் தடுப்பூசி போட்டு, டாக்டரிடம் எழுதி வாங்கி வையுங்கள். இனி ஒன்று செத்தாலும் புதைக்காமல், அன்றைக்கே கால்நடை மருந்தகத்துக்குக் கொண்டுபோங்கள்.