எண்களாக அச்சான மென்பொருள்

கேள்வி: 1980களில் வெளிவந்த அமெரிக்க வீட்டுக்கணினி இதழ்கள் சிலவற்றைப் புரட்டியபோது, பக்கம் பக்கமாக வெறும் எண்களே அச்சாகியிருப்பதைக் கண்டேன். அவற்றை வாசகர்கள் உண்மையிலேயே தட்டச்சு செய்தார்களா? பிழை நேர்ந்தால் எப்படிக் கண்டுபிடித்தார்கள்?

பதில்: செய்தார்கள், அதுவும் மணிக்கணக்கில் உட்கார்ந்து செய்தார்கள். இணையம் வீடுகளை எட்டாத அக்காலத்தில், மென்பொருளைக் கடையில் வாங்குவதைவிட, இதழின் விலைக்குள் அடங்கிவிடும் நிரலைத் தாமே உள்ளிட்டுக்கொள்வது மிகவும் மலிவாக இருந்தது.

பேசிக் என்ற எளிய நிரல்மொழியில் எழுதிய நிரலில் பிழை இருந்தால், இன்ன வரியில் தவறு என்று பெரும்பாலும் கணினியே காட்டிவிடும். நீங்கள் பார்த்த எண்களோ, செயலி நேரடியாக நிறைவேற்றும் இயந்திர மொழிக் கட்டளைகள். 1982இல் வந்த கொமடோர் 64 என்ற வீட்டுக்கணினியில் 169 என்பது, அடுத்துவரும் எண்ணைத் திரட்டியில் (செயலி கணக்கிடப் பயன்படுத்தும் உள்நினைவிடத்தில்) ஏற்றுமாறு சொல்லும் கட்டளை. கைதவறி 196 என்று உள்ளிட்டால், அது ஒப்பிடும் கட்டளையாகிவிடும். நிரல் தடம்புரண்டு கணினி உறைந்துபோனால், அதை அணைத்துப் போடுவதைத் தவிர வேறு வழியிருக்காது, தட்டியதெல்லாம் போய்விடும். இயக்கிப் பார்க்குமுன் கேசட்டிலோ வட்டிலோ சேமித்துவிடுமாறு இதழ்கள் வற்புறுத்தியது இதனால்தான்.

பிழை கண்டறிய நல்ல வழிகளைத் தந்தது ‘கம்ப்யூட்!’ இதழ். 1983இல் அது வெளியிட்ட ‘ஆட்டோமேட்டிக் புரூஃப்ரீடர்’ என்ற சரிபார்ப்பு நிரல், பேசிக் நிரலில் ஒவ்வொரு வரியை முடித்ததும் திரையில் ஓர் எண்ணைக் காட்டும். அது இதழில் அவ்வரிக்கு அச்சிட்ட எண்ணோடு ஒத்திருக்க வேண்டும். எழுத்துகளின் குறியெண்களை வெறுமனே கூட்டியதால், இரண்டு எழுத்துகள் இடம் மாறினால் அது கண்டுகொள்ளாது. இக்குறையை 1986இல் வந்த புதிய வடிவம் நீக்கியது. இயந்திர மொழி எண்களை உள்ளிடுவதற்கென ‘எம்எல்எக்ஸ்’ என்ற நிரல் வந்தது. வரிக்கு ஆறு எண்கள், ஏழாவது சரிபார்ப்பு எண். கணக்கு ஒத்துவராவிட்டால் அடுத்த வரிக்குப் போகவே விடாது.

‘கம்ப்யூட்!’ நிறுவனத்தின் இன்னோர் இதழான ‘கெஜட்’, 1984 ஜனவரியில் ‘ஸ்பீட்ஸ்கிரிப்ட்’ என்ற முழுமையான சொற்செயலியையே இவ்வாறு அச்சிட்டது. ஐந்தாறு கிலோபைட்டே ஆயினும், உள்ளிட ஆயிரம் வரி அளவுக்கு வந்துவிடும். இன்று ஓர் ஒளிப்படமே அதைப்போல் பன்மடங்கு இருப்பதை நினைத்தால், அந்தச் சிக்கனம்தான் எனக்குப் பெரும் வியப்பு. நிரல்கள் பெருத்துவிட, 1988இல் ‘கம்ப்யூட்!’ அவற்றை அச்சிடுவதைக் கைவிட்டது.