சம்மனரின் முறை எப்போது முடியும்?

கேள்வி: எங்கள் குழு டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற, பகடை உருட்டிக் கதாபாத்திரங்களாக ஆடும் விளையாட்டின் ஐந்தாம் பதிப்பை 2014ஆம் ஆண்டு விதிகளின்படி விளையாடுகிறது. அதற்கென நானே ஒரு சம்மனர் கிளாஸை, அதாவது உயிரினங்களை வரவழைத்துச் சண்டையிட வைக்கும் கதாபாத்திர வகையை, உருவாக்கி வருகிறேன். முதல் லெவலில் ஓர் உயிரினம், ஐந்தாம் லெவலில் இரண்டு, பதினொன்றாம் லெவலில் நான்கு என வரவழைக்கும்படி அமைத்திருக்கிறேன். சோதனை ஆட்டத்தில் மற்றவர்கள் சலித்துப்போனார்கள். உயிரினங்கள் விளைவிக்கும் சேதத்தைப் பாதியாகக் குறைத்தால் சரியாகுமா?

பதில்: குறைத்தால் எதிரி சாக இன்னும் நேரமாகும், சண்டை நீளும், சலிப்பும் கூடவே வளரும். உங்கள் கிளாஸில் மிகுந்திருப்பவை ஒரு சுற்றில் ஆடக் கிடைக்கும் முறைகள். இந்த விளையாட்டில் ஒருவருக்கு ஒரு சுற்றில் ஓர் ஆக்‌ஷன், ஒரு நகர்வு, வாய்த்தால் ஒரு போனஸ் ஆக்‌ஷன், ஒரு ரியாக்‌ஷன் என்பதே கணக்கு. நான்கு உயிரினங்களைக் களத்தில் இறக்குபவர் அந்தக் கணக்கைக் கிட்டத்தட்ட ஐந்து மடங்காக்கிக்கொள்கிறார்.

அதிகாரபூர்வ விதிகளே இந்தப் பள்ளத்தில் விழுந்திருக்கின்றன. கான்ஜூர் அனிமல்ஸ் என்ற மூன்றாம் நிலை மந்திரம், 2014 விதிப்படி, சவால் மதிப்பு (எதிரியாக எவ்வளவு ஆபத்தானது என்பதைச் சொல்லும் எண்) கால் உள்ள எட்டு விலங்குகள் வரை வரவழைக்க இடம் தருகிறது. ஐந்தாம் லெவல் ட்ரூயிட் (இயற்கை மந்திரவாதி) ஒருவரின் எட்டு ஓநாய்கள், கவச எண் (அடி பட எட்ட வேண்டிய எண்) 15 உள்ள எதிரி ஒருவனைச் சூழ்ந்துகொள்வதாக வைத்துக்கொள்வோம். கட்டம் போட்ட களத்தில் அவனைச் சுற்றி இருப்பவை எட்டுக் கட்டங்களே, எட்டும் நிரம்பிவிடும். ஓநாய்க்குத் தாக்குதல் கூட்டல் 4 என்பதால் பகடையில் 11 அல்லது அதற்கு மேல் விழ வேண்டும். கூட்டாளி அருகில் நிற்பதால் கிடைக்கும் சாதகத்தில் ஒவ்வொன்றும் இருபது முகப் பகடையை இரண்டு முறை உருட்டிப் பெரிய எண்ணை எடுத்துக்கொள்ளும். கடி படும் வாய்ப்பு 75 விழுக்காடாகிறது. கடிக்குச் சராசரியாக 7 என்று கொண்டால் ஒரு சுற்றில் 42 சேதம். அதே லெவலில் வலிமை 18 உள்ள ஃபைட்டர் தம் இருகை வாளை இரண்டு முறை வீசினாலும் சராசரி 14ஐத்தான் எட்டுகிறார். இந்த மூன்று மடங்கு வேறுபாட்டையாவது பொறுத்துக்கொள்ளலாம். ஆனால் பதினாறு இருபது முகப் பகடைகள், பட்ட ஆறு கடிகளுக்குப் பன்னிரண்டு நான்கு முகப் பகடைகள், எதிரி கீழே விழும்வரை கடிதோறும் ஒரு தடுப்பு உருட்டல் என்று ஒரே ஒருவரின் முறை நீண்டுகொண்டே போகும்போது, ஃபைட்டராக ஆடுபவர் கைப்பேசியை எடுத்துவிட்டால் அவரைக் குறைசொல்ல முடியாது.

விளையாட்டை வெளியிடுபவர்களும் பின்னர் வழியை மாற்றிக்கொண்டார்கள். 2020இல் வெளிவந்த டாஷாஸ் கால்ட்ரன் ஆஃப் எவ்ரிதிங் நூலின் வரவழைப்பு மந்திரங்கள் ஒரே ஓர் ஆவியைத் தருகின்றன. அதன் கவசமும் உயிர்ப்புள்ளியும் (எவ்வளவு சேதம் தாங்கும் என்ற கணக்கு) சேதமும் மந்திரத்தின் நிலையோடு ஏறுகின்றன. 2024 விதிகளில் கான்ஜூர் அனிமல்ஸும் தனித்தனி விலங்குகளைக் கைவிட்டு, களத்தில் நகர்த்தத்தக்க ஒற்றை ஆவிக்கூட்டமாகிவிட்டது. நீங்களும் ஓர் உயிரினத்தையே வளர விடுங்கள். ஐந்தாம் லெவலில் இரண்டாம் உயிரினத்துக்குப் பதில் இரண்டாம் தாக்குதலையும், பதினொன்றில் பறத்தல் அல்லது பேருருவம் போன்ற ஒரு திறனையும் கொடுக்கலாம். கட்டளையிட போனஸ் ஆக்‌ஷன் ஒன்றைச் செலவிட வையுங்கள். முழு ஆக்‌ஷனைக் கேட்டுவிடாதீர்கள். 2014ஆம் ஆண்டின் பீஸ்ட் மாஸ்டர் ரேஞ்சர், விலங்கைத் தாக்கச் சொல்லிவிட்டு ஐந்தாம் லெவல் வரை தம் வில்லைத் தொட முடியாமல் நின்றார். படையாக வந்தால்தான் அழகு என்று உங்கள் மனம் அடம்பிடித்தால், எலிக்கூட்டத்துக்கு விதிநூல் வகுத்துள்ள முறையைப் பின்பற்றுங்கள்: கூட்டம் முழுவதற்கும் 24 உயிர்ப்புள்ளிகள், ஒரே தாக்குதல், பாதிப் புள்ளிகள் போனதும் சேதமும் பாதி. எத்தனை எலிகள் என்று யாரும் எண்ண வேண்டியதில்லை.

கேள்வி: உயிரினம் இறந்தால் என்ன விதி வைப்பது? உடனே திரும்ப வரும் என்றால் அதைக் கேடயமாக்கிவிடுகிறார்கள். அன்று முழுவதும் வராது என்றால் சம்மனருக்கு வேலையே இல்லை.

பதில்: இதே வகை விளையாட்டான பாத்ஃபைண்டரின் இரண்டாம் பதிப்பு, 2021இல் வெளியிட்ட சீக்ரெட்ஸ் ஆஃப் மேஜிக் நூலில், இதற்கு நான் கண்டவற்றுள் சிறந்த விடையைத் தந்திருக்கிறது. அங்கே சம்மனருக்கும் அவர் வரவழைக்கும் உயிரினமான ஐடோலானுக்கும் உயிர்ப்புள்ளிக் கணக்கு ஒன்றே. உயிரினத்தின் மீது விழும் அடி சம்மனரின் கணக்கிலிருந்தே கழிகிறது. எனவே அதைக் கேடயமாக்க யாருக்கும் தோன்றாது. இந்த விதியை எடுத்துக்கொள்பவர்கள் அதன் துணைவிதியையும் சேர்த்தே எடுத்துக்கொள்ள வேண்டும்: இருவரும் ஒரே தீப்பிழம்பில் சிக்கினால், இரு விளைவுகளில் மோசமானது மட்டும் ஒரே முறை கழியும். அதை விட்டுவிட்டால் ஒவ்வொரு ஃபயர்பாலும் சம்மனரை இருமுறை எரிக்கும். அங்கே சம்மனருக்கு லெவலுக்குப் பத்து உயிர்ப்புள்ளிகள் தரப்படுகின்றன. நீங்களும் பத்து முக உயிர்ப்பகடையையே வையுங்கள். பதிலுக்கு மந்திரங்களைச் சுருக்க வேண்டும். அந்த விளையாட்டில் சம்மனருக்கு மந்திர இடங்கள் (மந்திரம் போடும் வாய்ப்புகள்) எப்போதும் நான்கைத் தாண்டுவதில்லை. விஸார்டின் முழு மந்திரப் பட்டியலையும் இரண்டு தாக்குதல் உள்ள உயிரினத்தையும் ஒருவர் கையிலேயே கொடுத்தால், விஸார்டாக ஆட யார் முன்வருவார்?

கேள்வி: மான்ஸ்டர் மேனுவல் என்ற உயிரின விதிநூலில் உள்ள எந்த உயிரினத்தையும் சவால் மதிப்புக்கு உட்பட்டுத் தேர்ந்தெடுக்கலாம் என்று எழுதிவிடலாமா?

பதில்: வேண்டாம். சவால் மதிப்பு, எதிரியாக நிற்கும்போது ஓர் உயிரினம் எவ்வளவு ஆபத்தானது என்பதைச் சொல்லும் எண். நம் பக்கம் நிற்கும்போது அதனால் என்ன பயன் என்பதை அது சொல்லாது. பிக்ஸி என்ற குட்டித் தேவதைக்குச் சவால் மதிப்பு கால்தான். ஆனால் ஒவ்வொரு பிக்ஸிக்கும் நாளுக்கு ஒருமுறை பாலிமார்ஃப் என்ற உருமாற்று மந்திரம் உண்டு. ஏழாம் லெவலில் கான்ஜூர் உட்லேண்ட் பீயிங்ஸ் மந்திரத்தால் எட்டுப் பிக்ஸிகள் கிடைத்துவிட்டால், நால்வர் குழுவையே 157 உயிர்ப்புள்ளிகள் கொண்ட ராட்சத வாலில்லாக் குரங்குகளாக மாற்றிவிடலாம். அதற்குப் பிறகும் நான்கு பிக்ஸிகள் மிஞ்சும். நீங்களே மூன்று நான்கு உயிரின அட்டவணைகளை எழுதி, தோற்றத்தை மட்டும் ஆடுபவரின் விருப்பத்துக்கு விடுங்கள். ஓநாயா, எலும்புக்கூடா, தீப்பிழம்பா என்பதை அவர் சொல்லட்டும்.

கேள்வி: சண்டை இல்லாத நேரத்தில் உயிரினத்தை அனுப்பி எல்லா அறைகளையும் வேவு பார்த்துவிடுகிறார்கள். வேவு, பூட்டு, பொறி ஆகியவற்றைக் கவனிக்கும் ரோக் சும்மா இருக்கிறார்.

பதில்: சிறு துணை உயிரினத்தை வரவழைக்கும் ஃபைண்ட் ஃபெமிலியர் மந்திரத்தின் வரம்புகளை அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள். நூறு அடிக்குள் இருக்கும்போதுதான் அதன் கண்ணால் பார்க்க முடியும். பார்க்கும் நேரத்தில் வரவழைத்தவருக்குத் தம் சொந்தக் கண்ணும் காதும் இயங்கா. அதோடு பூட்டைத் திறக்கும் கையும் பொறியைச் செயலிழக்கச் செய்யும் திறனும் உயிரினத்துக்கு இல்லை என்று ஒரு வரி எழுதிவிட்டால், ரோக்குக்கு வேலை வந்துவிடும்.