அம்மாவுக்கு மனச்சோர்வு, ஹாஸ்டலில் யாரோடும் ஒட்டமுடியவில்லை: என் பதில்

தம்பி, அம்மா மனச்சோர்வுக்கு மாத்திரை எடுக்கிறார், ஹாஸ்டல் வந்து நான்கு மாதமாகியும் நண்பர்கள் இல்லை, சிரித்தாலே குற்ற உணர்வு வருகிறது என்று எழுதியிருந்தீர்கள். எனக்கும் அப்படித்தான் இருந்தது. என் வீட்டில் அப்பா.

சின்ன வயதிலிருந்தே அம்மாவின் முகத்தைப் பார்த்துப் பார்த்து நடந்துகொண்டவர்களுக்கு, எல்லார் முகத்தையும் அப்படியே படிக்கும் பழக்கம் வந்துவிடும். அறைத்தோழன் பேசாமல் இருந்தால் நம்மேல் கோபமோ என்று மனசு அடித்துக்கொள்ளும். பெரும்பாலும் அவன் தன் வீட்டு நினைப்பில் இருப்பான்.

நாள் முழுக்க போனையே பார்த்துக்கொண்டிருக்காமல், தினமும் இரவு எட்டரைக்கு அழைக்கிறேன் என்று அம்மாவிடம் சொல்லிவிடுங்கள். மாத்திரையை அப்பாவோ சித்தியோ கவனிக்கட்டும். அப்புறம், எல்லாரிடமும் சொல்ல வேண்டாம். நம்பிக்கையான ஒருவரிடம் "அம்மாவுக்கு உடம்பு சரியில்லை" என்று ஆரம்பித்தால் போதும். நான் இரண்டாம் ஆண்டில்தான் ஒரு நண்பனிடம் சொன்னேன், மெஸ்ஸில் சாப்பிடும்போது. அவனுடைய அக்காவுக்கும் அதே சிகிச்சை நடந்துகொண்டிருந்தது.

டெலி மானஸ், 14416, மனநல உதவிக்கான அரசின் இலவச எண். 24 மணி நேரமும் தமிழில் பேசலாம். உங்களுக்காகவே நீங்கள் அழைக்கலாம். அம்மா உயிரை விடுவதாகப் பேசினால் மட்டும் தாமதிக்காதீர்கள், உடனே பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லி மருத்துவமனைக்கு அழைத்துப்போகச் செய்யுங்கள்.